மூன்றாவது மாடியின் புகை அலாரம்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். கட்டடங்களுக்குள் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்க எந்த மாடியில் எந்த இடத்தில் ஆன்டெனா வைக்கலாம் என்று திட்டம் போடுகிறவன் நான். "டவர் மேல ஏறுவியாப்பா?" என்று மாமா ஒருவர் ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார். ஏணியில் நான்காவது படிக்கு மேல் எனக்குத் தலை சுற்றும். நான் செய்வதெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்தவர் கட்டடத்தில் மாடி மாடியாக நடப்பதுதான். நடக்க நடக்கத் திரையில் எண் மாறும். மைனஸ் எண்பது என்றால் நல்ல சிக்னல். மைனஸ் நூற்றுப்பத்து என்றால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். பள்ளிக்கூடத்திலும் எனக்கு மார்க் சொல்லிக்கொள்ளும்படி வந்ததில்லை, பிழைப்பும் மைனஸில்தான் ஓடுகிறது.

இந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உள்ளே சீலிங்கில் வைக்கிற ஆன்டெனா வெள்ளையாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். ஆபீஸ்களில் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அடுக்குமாடி வீடுகளில் அப்படியில்லை. ஆன்டெனா என்று சொன்ன அரைமணி நேரத்தில் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் கூடிவிடும். தலைவலி, முடி கொட்டுவது, சிட்டுக்குருவி என்று எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் யாராவது கேட்டால், "ஸ்மோக் அலாரம்" என்று சொல்லிவிடுவோம். கேட்டவர் சந்தோஷமாகப் போய்விடுவார். எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். பொய் என்று அதை நான் நினைத்ததே இல்லை, வேலை சீக்கிரம் முடிய ஒரு வழி என்றுதான் நினைத்தேன்.

அஸ்தினாபுரத்தில் அந்த அப்பார்ட்மென்ட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். ஐந்து மாடி. சுற்றிலும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மற்ற கட்டடங்கள். வீட்டுக்குள் சிக்னலே கிடையாது. பேங்கிலிருந்து ஓடிபி வர வேண்டுமென்றால் மொட்டைமாடிக்கு ஏறி, திருநீர்மலை தெரிகிற மூலையில் போய் நிற்க வேண்டும். வாடகைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அசோசியேஷன் செக்ரெட்டரியின் குடும்ப நிலத்தில்தான் அந்தக் கட்டடமே எழும்பியிருந்தது. நிலத்துக்குப் பதிலாகப் பில்டரிடம் நான்கு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். எங்களைக் கூப்பிட்டதும் அவர்தான்.

"டவர்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க சார். அப்பால எல்லாம் பேஜாராயிடும். இன்னானு கேட்டா வேற எதுனா சொல்லுங்க," என்றார்.

"ஸ்மோக் அலாரம்னு சொல்லட்டுமா?"

"சூப்பர் சார். அதுவே சொல்லுங்க."

மூன்றாவது மாடி நடையில் ஆட்கள் ஏணி போட்டு ஆன்டெனாவைப் பொருத்திக்கொண்டிருக்க, நான் இடுப்பில் கை வைத்துக் கீழே நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இது என்னவென்று கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"புகை வந்தா உடனே அடிக்குமா சார்?"

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். "உடனே அடிக்கும் மேடம். கீழ வாட்ச்மேனுக்கே கேக்கும்," என்றேன். வாட்ச்மேனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அது என் சொந்தத் தாராளம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, வேலை சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை நடந்து பார்க்கப் போயிருந்தேன். எல்லா மாடியிலும் அருமையான சிக்னல். நானே என் தோளில் தட்டிக்கொள்ளாத குறையாக மூன்றாவது மாடிக்கு வந்தபோது டீச்சர் ஒரு டப்பாவுடன் காத்திருந்தார். உள்ளே லட்டு. எனக்காகவே எடுத்து வைத்திருந்தாராம்.

வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அப்பாவுக்குக் காது மந்தம், இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. இரண்டு முறை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனார். ஒருமுறை குக்கரின் கைப்பிடியே உருகிவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பெண்களையும் அவரே சண்டை போட்டு அனுப்பிவிட்டார். டீச்சர் இரண்டு மாதமாக லீவில் இருக்கிறார். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

"என்ன செய்றதுன்னே தெரியாம இருந்தேன் சார். இப்ப அலாரம் இருக்கு, வாட்ச்மேன்கிட்ட ஒரு சாவியும் குடுத்துட்டேன். திங்கக்கிழமை ஜாயின் பண்றேன். உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்," என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் லட்டை வாயில் போட்டுக்கொண்டேன். முழு லட்டையும் சாப்பிட்டு முடித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் விடவில்லை. "ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க சார். வாட்ச்மேனுக்குச் சத்தம் எப்படி இருக்கும்னு தெரியணும்ல."

அதற்கெல்லாம் தனிக் கருவி வேண்டும் என்று இழுத்தேன். பேப்பரைக் கொளுத்தினால் போதாதா என்று கேட்டு உள்ளே போய், பழைய செய்தித்தாளைச் சுருட்டி எடுத்து வந்தார். ஸ்டூல் வந்தது. அவருடைய அப்பா வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டு செக்ரெட்டரியும் படியேறி வந்துவிட்டார். டீச்சர் ஸ்டூலில் ஏறிப் பேப்பரைப் பற்றவைத்து, என் ஆன்டெனாவுக்கு நேர் கீழே பிடித்தார். நான்கு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேப்பர் எரிந்தது. சீலிங்கில் வட்டமாகக் கரி படிந்தது. எனக்கே ஒரு கணம், எப்படியாவது அடித்துத் தொலைக்காதா என்று இருந்தது.

"காத்து அடிக்குதும்மா, பொகை நேரா போவல," என்றார் செக்ரெட்டரி.

"இன்னும் கொஞ்சம் பேப்பர் கொண்டு வர்றேன்," என்று டீச்சர் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"வேணாம் டீச்சர். அது அடிக்காது," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செக்ரெட்டரி படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

டீச்சர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எரிந்து மிச்சமிருந்த பேப்பரைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். "வாட்ச்மேனுக்குக் கேக்கும்னு சொன்னீங்களே சார்," என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் நின்றதில்லை.

வெட்கம் தாங்காத இன்ஜினியர் என்ன செய்வான்? யோசனை சொல்வான். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமே என்றேன். "அதுல போட்ட காப்பிய நீங்க குடிங்க," என்றார் பெரியவர். கடையில் விற்கிற சாதாரண அலாரம் வீட்டுக்குள் மட்டும்தான் கத்தும், அந்தக் கீச்சுச் சத்தம் அவர் காதில் விழாது. புகை வந்தால் டீச்சருடைய போனுக்கே அழைப்பு போகிற மாதிரி ஒன்று இருக்கிறது, நானே என் செலவில் வாங்கித் தருகிறேன் என்றேன். ஆர்டர் போட்டால் வர ஒரு வாரம் ஆகும்.

"திங்கக்கிழமைக்குள்ள வராதுல்ல?"

"வராது டீச்சர்."

"அப்ப அது வர்ற வரைக்கும் நீங்க வாங்க."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எட்டரை மணியிலருந்து நாலு மணி வரைக்கும். உள்ள யாராச்சும் இருந்தா அப்பாவுக்குப் பிடிக்காது. இதே எடத்துல உக்காந்தா போதும். சரியா பதினோரு மணிக்குக் காப்பி போடுவார், அப்ப மட்டும் கவனமா இருங்க. அடிக்கும்னு சொன்னது நீங்கதானே சார்?"

திங்கட்கிழமை காலை மூன்றாவது மாடி நடையில், என் ஆன்டெனாவுக்கு நேர் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மடியில் லேப்டாப். ஆபீசில் சைட் வேலை என்று சொல்லியிருந்தேன், அதுவும் முக்கால்வாசிப் பொய். மாடிப்படியில் போகிறவர்கள் எல்லாம் நின்று விசாரித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. "இன்னா சார், கடசீல நீங்களே அலாரமா குந்திகினு கீறீங்க," என்றார் செக்ரெட்டரி. அவருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை.

பதினோரு மணிக்குப் பெரியவர் காபி போடுகிற வாசனை வந்தது. கதவைத் திறந்து, "எரியலப்பா," என்று என்னிடம் சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். பதினொன்றே காலுக்கு இடைவேளையில் டீச்சரின் போன் வந்தது.

"ஒண்ணும் இல்லையே சார்?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

செவ்வாய்க்கிழமை ஒருமுறை மூக்கில் கருகல் ஏற, எழுந்து போய்க் கதவைப் படபடவென்று தட்டினேன். இரண்டாவது மாடியில் யாரோ கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்த பெரியவர் ஒரு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நெத்திலி," என்றார். இரண்டே நாளில் எனக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது. கருவிகளெல்லாம் எதற்கு, மனிதன் ஒருவன் பொறுப்பாக உட்கார்ந்தால் போதாதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆபீசிலிருந்து மீட்டிங். பெரும்பாக்கம் பக்கம் புதிதாக வருகிற ஒரு கட்டடத்துக்கு நான் போட்ட திட்டத்தில் ஆன்டெனாக்கள் அதிகம், குறைக்க வேண்டும் என்றார் மேனேஜர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு, எழுந்து படிப்பக்கம் நடந்துகொண்டே வாதாடினேன். ஒரு மூலையைக்கூட விடக் கூடாது, ஆபத்து அந்த மூலையில்தான் வரும், அங்கே நிற்கிற ஒருவருக்குப் போன் போகாவிட்டால் நாம் இத்தனை வேலை செய்து என்ன பிரயோஜனம் என்றெல்லாம் பேசினேன். நன்றாகவே பேசினேன். சிக்னல் அத்தனை பிரமாதம், ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினேன். பெரியவர். இருமிக்கொண்டிருந்தார். கையில் பழந்துணி சுற்றிப் பிடித்த பால் பாத்திரம், உள்ளும் புறமும் கறுப்பாக. அவருக்குப் பின்னால் திறந்த கதவு வழியாகப் புகை நடைக்கு வந்துகொண்டிருந்தது.

"பால வெச்சிட்டு மறந்துட்டேன் தம்பி. நான் மறக்கறவன், சரி. நீங்களும் அடிக்கலையே," என்றார்.

உள்ளே ஓடினேன். அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன், ரெகுலேட்டரை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன். சமையலறை ஜன்னல் திரையின் அடிப்பாகம் கருகிச் சுருண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் திரை முழுவதும் பற்றியிருக்கும். காதில் மேனேஜர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். இயர்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

வெளியே வந்தபோது பெரியவர் என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பாத்திரம்.

"அவகிட்ட சொல்லாதீங்க தம்பி," என்றார். "மறுபடி லீவு போட்டு உக்காந்துடுவா. வேலையும் போயிடும். என்னால அவ இங்கியே கெடக்க வேணாம். இனிமே நான் அடுப்புகிட்டயே போகல. நீங்க இவ்வளவு பொய் சொன்னீங்க, எனக்காக ஒண்ணு சொல்லுங்க."

வேலைக்காலம் முழுவதும் நடைமேடை நடைமேடையாகக் கொடி காட்டிய மனிதர் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர் கேட்டது நியாயமாகவும் இருந்தது. அலாரம் அடுத்த வாரம் வந்துவிடும். அதுவரை நான் இயர்போனே போடாமல் உட்கார்ந்திருந்தால் போயிற்று. திரைச்சீலையை மாற்றிவிடலாம், பாத்திரத்தை நானே எடுத்துப் போய்விடலாம்.

பதினொன்றே காலுக்கு என் போன் அடித்தது. பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லையே சார்?"

"இருக்கு டீச்சர்," என்றேன். "அப்பா நல்லா இருக்கார். ஆனா நான் கவனிக்கல."

அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பெரியவர் எழுந்து, அந்தப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.