அக்கா கண்டதாகச் சொன்ன காட்சி

என் கணவரின் தலைமேல் அக்கா கை வைத்திருந்த அந்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடம். கல்லீரல் நோயால் உடல் மஞ்சளித்து அவர் சோபாவில் சாய்ந்திருந்தார். எங்கள் புளோக்கில் ஜெபக்குழு நடத்திவந்த, எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்ட அவர் வெகுநேரம் கண்மூடி ஜெபித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஆண்டவர் எனக்குக் காட்டிட்டாரும்மா. இவர் எழுந்து நடக்கிறதைப் பார்த்தேன். நீ பயப்படாதே."

அதன்பின் நான் பயப்படவில்லை. டாக்டர்கள் பக்குவமாகச் சொல்ல வந்ததைக் காதில் வாங்கவில்லை. ஜொகூரிலிருந்த கொழுந்தனார், அண்ணனைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வரட்டுமா என்று கேட்டபோது, 'கடைசி' என்ற அந்தச் சொல்லுக்காகவே சண்டை போட்டேன். என் கணவர் ஏதோ சொல்லத் தவித்தார். குணமானதும் பேசிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் அவர் வாயை அடைத்தேன். அவர் எதையும் சொல்லாமலே போய்விட்டார்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் அஞ்சலிக்காக அவரைக் கிடத்தியிருந்தோம். பூ வைத்துவிட்டுப் போன அக்கா பின்வரிசையில் ஒருவரிடம் தாழ்ந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது. "அந்த வீட்டுல விசுவாசம் பத்தலை லா."

அன்றோடு ஜெபக்குழுவும் போயிற்று, ஆலயமும் போயிற்று. கேட்டதைக் கொடுக்காத ஆண்டவரோடு எனக்கு என்ன பேச்சு என்று இருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, கண் பரிசோதனைக்குப் போன ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். மகளுக்கு மூளையில் கட்டியாம்; அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்தார். என் கையை இறுகப் பற்றிக்கொண்டு, எவ்வளவு ஜெபித்தும் ஆண்டவர் தனக்கு ஒன்றுமே காட்டவில்லை என்று அழுதார்.

"அன்னிக்கு மட்டும் காட்டினாராக்கா?"

அக்கா தரையைப் பார்த்துச் சொன்னார். "இல்லம்மா. நீ அழுதுட்டு நின்னே. எதையாவது சொல்லாம எப்படிப் போறதுன்னு இருந்துச்சு."

கையை உருவிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கால்போன போக்கில் நடந்ததில், ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஒரு பழைய ஆலயத்தின் கதவு திறந்திருந்தது. ஆண்டவரிடம் நேரடியாக நியாயம் கேட்டுவிடுவது என்றுதான் உள்ளே போனேன். முழங்காலிட்டதும் வாயில் வந்ததெல்லாம் என் கணவர், என் ஜெபம், என் விசுவாசம். இத்தனை காலமும் நான் ஆண்டவரைத் தேடியதே இல்லை, அவர் தருவதாக அக்கா சொன்னதைத்தான் தேடினேன் என்பது அங்கேதான் உறைத்தது. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. ஆளில்லாத அந்த ஆலயத்தில், மிகப் பெரிய ஒருவரின் முன்னால் இருக்கிறோம் என்ற நடுக்கம் மட்டும் வந்தது. தலையைத் தரையில் வைத்தேன். ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் மனமில்லை.

அக்காவின் மகள் பிழைத்துக்கொண்டாள். தன் விசுவாசமே மகளைக் காப்பாற்றியது என்று அக்கா மேடையேறிச் சாட்சி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஆனாலும் ஞாயிறுதோறும் அந்தப் பழைய ஆலயத்தில் அவர் மகளுக்காக முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொல்கிறேன். சொல்லும்போது தொண்டை கசக்கிறது. கசப்போடுதான் சொல்கிறேன்.