பனி இறங்கினால் போகும் சிக்னல்

"ஏனுங்க, பனி எறங்குனா நெட் போயிருதுங்க."

பூங்கொடியின் புகார் ஒவ்வொரு முறையும் இதுதான். நான் அப்போது நாமக்கல்லில் ஒரு சிறிய நெட்வொர்க்கிங் கடையில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலைக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. மலைமேல் தேவனூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில் மிளகு போடும் ஒரு குடும்பத்துக்கு வயர்லெஸ் ரூட்டர் மாட்டிக் கொடுத்திருந்தேன். போன் லைன் வரும் கூடத்தில் ரூட்டர். சந்தடி இல்லாத உள் அறையில் கம்ப்யூட்டர். அந்த வீட்டு மருமகள் பூங்கொடி, வெளிநாட்டு டாக்டர்கள் பேசிய பதிவுகளை ஹெட்போனில் கேட்டு டைப் செய்து, தினமும் மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அந்த வேலையில் அவருக்கு அது சோதனை மாதம்.

"பனிக்கெல்லாம் வயர்லெஸ் போகாதும்மா. கஸ்டமர் சொல்றதை அப்படியே எழுதிட்டு வர்றதுக்கா டிப்ளமோ படிச்சே?" என்றார் முதலாளி.

முதல் தடவை போய் ரூட்டரின் சேனலை, அதாவது அலைவரிசையை, மாற்றினேன். இரண்டாவது தடவை போனபோது ரூட்டர் மேல் கம்பளித் துண்டு சுற்றியிருந்தது.

"பனியில வெறைச்சுப் போயிருமோன்னு நாந்தான் போத்தி உட்டேன் கண்ணு," என்றார் பூங்கொடியின் மாமியார்.

ரூட்டர் கை வைக்க முடியாத சூடு. காரணம் கிடைத்துவிட்டது என்று சர்வீஸ் படிவத்தில் எழுதி, துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். அன்று மாலையும் ஃபைல் போகவில்லை. இன்னொரு நாள் தவறினால் வேலை கிடையாது என்று கம்பெனி பூங்கொடியிடம் சொல்லிவிட்டது.

மறுநாள் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் வளைவுகளில் ஏறும்போது நோட்டில் எழுதினேன்:

1. சேனல் - பார்த்தாயிற்று.
2. சூடு - பார்த்தாயிற்று.
3. கம்ப்யூட்டரில் சிக்னல் பிடிக்கும் யூ.எஸ்.பி. அடாப்டர் - புதிது கொண்டுபோகிறேன்.
4. பனி?

நான்காவதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் எழுதியபோதுதான் ஒன்று உறைத்தது. இரண்டு முறையும் காலையில் போய் மூன்று மணிக்குக் கிளம்பியிருக்கிறேன். பழுது வரும் நேரத்தில் நான் அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

அன்று மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். அடாப்டரை மாற்றி, பூங்கொடி பக்கத்தில் உட்கார்ந்து, ரூட்டரிடமிருந்து நொடிக்கு நொடி பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையை ஓடவிட்டேன். நாலரைக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மங்கின. பிங் ஒழுங்காக ஓடியது. பனி குற்றவாளி இல்லை.

"பனி எறங்குது, மொளகை அள்ளுங்க சாமி!" என்று வாசலில் மாமியார் கூப்பிட்டார். பூங்கொடி ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடினார். கூடத்தில் தடதடவென்று சத்தம். பிங் நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தேன். கூரை மாற்றியபோது மிஞ்சிய தகரங்களில்தான் அவர்கள் மிளகு காயப்போடுகிறார்கள். சூடேறிச் சீக்கிரம் காயும். தகரம் நனைந்தால் மறுநாள் காலையில் மிளகைப் பரப்ப முடியாது. அதனால் மிளகைச் சாக்கில் அள்ளியதும், ஆறு தகரங்களையும் உள்ளே தூக்கிவந்து உள் அறைச் சுவரோடு சாத்திவிடுவார்கள். ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சரியாக ஒரு தகர மறைப்பு.

"இதை அந்தப் பக்கச் சுவத்துல சாத்தலாங்களா? சிக்னலை மறைக்குதுங்க," என்றேன்.

மாமியார் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "தகரத்துல காத்தே பூராது, உம்பட நெட்டு எப்புடிப் பூரும்? அந்நேரத்துக்கு என்ன பண்றீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பனே!"

"நீங்க துண்டு போத்துன ஆளுதானுங்களே அத்தை," என்றார் பூங்கொடி.

மூவரும் சேர்ந்து தகரங்களைச் சமையலறைப் பக்கம் மாற்றினோம். மூன்றாவது தகரம் நகர்ந்ததுமே பிங் பதில் சொல்லத் தொடங்கியது. பூங்கொடி மிச்சத்தை வேகமாக டைப் செய்தார். ஐந்து ஐம்பதுக்குக் கடைசி ஃபைல் போனது. அந்த மாதக் கடைசியில் அவருக்கு வேலை உறுதியானது.

கஸ்டமர் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். அவர் சொல்லும் நேரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எங்கள் சர்வீஸ் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "பழுது வரும் நேரத்தில் வீட்டில் என்ன வேலை நடக்கிறது?" இப்போது படிவங்களைச் சரிபார்ப்பது நான்தான். புதிதாகச் சேருகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். நான் கையெழுத்துப் போடுவதில்லை. போன் செய்து கேட்டு எழுதி வரச் சொல்கிறேன்.