அக்காவின் சடை பட்ட இடம்

என் அக்கா நீளம் பாய்தலில் தீவு முழுவதற்கும் முதலாவதாக வந்தவள். ஏழு வருடம் அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் அம்மன்தான் என்று மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தார் இன்றும் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன்.

நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஒரு மணல் குழி இருந்தது. ஓடையிலிருந்து உரச்சாக்கில் மணல் சுமந்து அக்காவே நிரப்பியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பாய்வாள். எட்டு வயதான எனக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. அவள் விழுந்து எழுந்ததும், பாயக் கால் ஊன்றும் மிதிபலகைக்கு ஆகக் கிட்ட எந்தத் தடம் இருக்கிறதென்று தேடி விரலை நீட்ட வேண்டும். பின்னால் கை ஊன்றியிருந்தால் கையின் தடம்தான் கணக்கு. அக்காவாயிற்றே என்று நான் ஒரு விரற்கடை கூடத் தள்ளிக் காட்டியதில்லை. "கள்ளம் பண்ணாத அளவுகாரி" என்று அவள் என்னை மெச்சுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

பாயும்போது அவள் முடியைக் கொண்டையாக முறுக்கிச் செருகிக்கொள்வாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. அம்மாவுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

அந்த வருடம் பதுளையில் மாகாணப் போட்டி. முதலாவதாக வந்தால்தான் தீவு முழுவதற்குமான போட்டிக்குக் கொழும்புக்குப் போகலாம். அம்மா முதல்முறையாகப் பார்க்க வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை. பஸ்ஸில் அக்காவின் கொண்டையைக் கண்டதும் அவிழ்த்துவிட்டாள்.

"வயசுப் புள்ள கொண்டையோட நாலு பேரு முன்னால நிக்கிறதா? கல்யாணம் ஆனவன்னுல்ல நெனைப்பாங்க!"

"பாயறப்போ தொந்தரவும்மா."

"சடை உன்னைய என்னா பண்ணப் போவுது? பேசாம இரு."

பதுளை போய்ச் சேர்வதற்குள் ஒற்றைச் சடை, நுனியில் சிவப்பு ரிப்பன்.

கடைசிப் பாய்ச்சலில் அவள் பறந்தாள் என்றே சொல்லலாம். அதுவரை யாருடைய தடமும் இல்லாத இடத்தில் அவள் குதிகால் விழுந்தது. மைதானமே கூச்சல் போட்டது. அளக்கிறவர் குனிந்து நாடாவைப் பிடித்தார். நான் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினேன். என் வேலையை இன்னொருவர் அரைகுறையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால், மணலில் மெல்லிய கோடு ஒன்று கிடந்தது.

"இங்க பாருங்க, அக்கா சடை பட்டிருக்கு!" என்று விரலை நீட்டினேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. என் விரலுக்கு மொழி தேவைப்படவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். தலையசைத்தார்கள். நாடா ஒரு சாண் பின்னால் வந்தது. அக்கா இரண்டாவதானாள்.

திரும்பும் வழியெல்லாம் "கண்ணு பட்டிருச்சு" என்று அம்மா புலம்பினாள். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் கோயில் திருவிழா. மொட்டை போட்டுக்கொள்ளப் போவதாக அக்கா சொன்னாள். அம்மா அழுதாள், சத்தம் போட்டாள், எவன் பெண் கேட்டு வருவான் என்றாள்.

"அம்மனுக்கு நேந்துக்கிட்டேம்மா."

அதற்கு மேல் அம்மாவால் என்ன பேச முடியும்?

கோயில் குழாயடியில் முடி கற்றை கற்றையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோற்றதற்காக அக்கா தன்னையே தண்டித்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. தப்பு செய்தவள் நானல்லவா? அவள் எழுந்ததும் நான் போய்க் கத்திக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

என் தலையைப் பார்த்ததும் அக்கா சிரித்துவிட்டாள். பதுளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

"நீ எதுக்குடி போட்ட? நீயா பாயப் போற?"

"நானும் அம்மனுக்கு நேந்துக்கிட்டேன்" என்றேன்.

அக்கா சட்டென்று அம்மா நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் மொட்டையில் சந்தனத்தை அப்பியபடி மெதுவாக, "அதான் சரி. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு" என்றாள்.

அடுத்த வருடம் அவள் கொழும்பில் வென்றாள். பாய்ந்த வருடமெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா மொட்டைதான். எங்கள் இருவரில் பொய்யாக நேர்ந்துகொண்டவள் நான் மட்டும்தான் என்று நினைத்து, வெகுநாள் அம்மன் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.