கறை என்று நினைத்த நகம்

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களின் விரல்கள் கறுத்துத்தான் இருக்கும். பொகவந்தலாவைத் தோட்டத்தில் அக்காவின் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத் தோலால் நகங்களைத் தேய்ப்பார்கள். அக்காவின் வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தபோது, கொழுந்துக் கறைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் விடாப்பிடியாகத் தேய்த்தாள். நகம் புண்ணானதுதான் மிச்சம்.

அதற்கு முன்பே அவளுடைய உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. அட்டை கடித்த தழும்பென்று விட்டுவைத்து, கடைசியில் அது தோல் புற்றுநோய் என்று கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். அவ்வளவு பட்டவள் நகத்தைக் கவனித்திருக்க வேண்டாமா? நான் ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிறவள். தீபாவளிக்குப் போனபோது, மற்ற நகங்களெல்லாம் வெளுத்திருக்க அது மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்து நன்றாகச் சண்டை பிடித்தேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா சிங்களத்தில் சொல்லச் சொல்ல, நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். காலில் இருந்தது கைக்குப் பரவவில்லை, இது தனியாகப் புதிதாக முளைத்த புற்று என்றார். ஒரே ஆளுக்கு இப்படித் தனித்தனியாக வந்தால், பிறக்கும்போதே மரபணுவில் ஏதாவது பிழை இருக்கலாமாம். கூடப் பிறந்தவர்களுக்கும் அது இருக்க வாய்ப்புண்டு, இரண்டு பேருடைய இரத்தத்தையும் சோதித்துப் பார்ப்போம் என்றார். கட்டைவிரல் நுனியை எடுக்க வேண்டும் என்றபோது அசையாமல் இருந்த அக்கா, இதைக் கேட்டதும் ஆடிப்போனாள்.

"எனக்கு வந்தது வந்துட்டுப் போகுது. ஒனக்கு இருக்கக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு" என்றாள்.

இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அவள்தான்.

நுனி எடுத்த விரல் ஆறிய பிறகு இரத்தச் சோதனையின் முடிவைக் கேட்கப் போனோம். அக்காவுக்கு அந்தப் பிழை இருந்தது. எனக்கும் இருந்தது. இருப்பதாலேயே நோய் வந்துவிடாது, ஆனால் வாழ்நாள் முழுக்கத் தோலையும் நகத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அக்கா என் வாயையே பார்த்தாள். அவளுடைய பங்கை மட்டும் சொன்னேன். என்னுடையதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கினிகத்தேனையில் பஸ் நின்றபோது வடை வாங்கி எனக்குத் தந்தாள். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

"கால நீட்டு" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"எனக்குச் சிங்களம் பேசத்தான் வராது. கேட்டா வெளங்கும்."

என் பாதத்தை மடியில் தூக்கி வைத்து, அந்தக் குட்டைக் கட்டைவிரலால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். குதிகால் பக்கத்து மச்சம் ஒன்றில் கை நின்றது.

"இது எப்ப வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"பொறந்ததுலருந்து இருக்கு. ஒன்னயக் குளிப்பாட்டுனவ நான்தானே. நீ ஒன் ஒடம்பப் பாக்குறியான்னு கேட்டுப் பாத்தேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

நான் மற்றக் காலையும் நீட்டினேன்.