ஆமிக்குப் போன சிப்பிப் பலகாரம்

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதங்களை வீட்டில் மொழிபெயர்ப்பது என் வேலை. அப்பாவின் ஆங்கிலம் பெற்றோல் நிலையத்துக்குப் போதும்; அம்மாவின் ஆங்கிலம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் எட்டு வயது நான் இருந்தேன். லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு சலூனுக்கு மேலே இருந்த எங்கள் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, அந்த மார்கழியில் வந்த கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். வளைகுடாப் பாலைவனத்தில் சண்டைக்குக் காத்திருக்கும் படைவீரர்களுக்கு எங்கள் வகுப்பு கிறிஸ்மஸுக்கு நத்தார்ப் பரிசு அனுப்பப் போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் கையால் செய்த பிஸ்கட்டை ஒரு தகர ரின்னில் போட்டுத் தரவேண்டும். வகுப்பில் ஒரு பையனின் தகப்பன் அங்கே இருந்தார். எல்லாம் அவருடைய முகாமுக்குத்தான் போகும்.

படைவீரர் என்ற தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது. தெரிந்த சொல்லைச் சொன்னேன்.

"அம்மா, ஆமிக்கு பிஸ்கட் செய்து அனுப்பட்டாம்."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு குசினிக்குள் வந்தார்.

"ஆருக்கு?"

"ஆமிக்கு."

"எந்த ஆமிக்கு?"

அது எனக்கு வேடிக்கையான கேள்வியாக இருந்தது. உலகத்தில் ஒரே ஒரு ஆமிதான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஊரில் எங்கள் வீட்டுக் கூரையில் செல் குண்டு அடித்தது அந்த ஆமி. இரண்டு மாதத்துக்கு முன் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனதும் அந்த ஆமி. மாமா அம்மாவின் ஒரே தம்பி. லண்டனுக்கு வருவதற்காகக் கொழும்பில் ஒரு அறையில் தங்கியிருந்தபோது சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கொழும்புக்கு ரெலிபோன் எடுப்பதும், "இன்னும் விடேல்லையாம்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் இருப்பதும் வழக்கமாகிவிட்டிருந்தது.

அப்பா கடிதத்தைத் தானே வாசித்து, இது இங்கிலீஷ்காரரின் ஆமி என்று கண்டுபிடித்தார். ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"ஆமிக்குப் பலகாரம் சுடுற முதல் யாழ்ப்பாணத்துப் பொம்பிளை நீராத்தான் இருக்கும்" என்றார்.

"பள்ளிக்கூடம் கேட்டிருக்கு. எல்லாப் பிள்ளையளும் கொண்டுபோகேக்க இவள் மட்டும் வெறுங்கையோட போறதே?" என்றார் அம்மா.

எங்கள் வீட்டு அவன் அடுப்புக்குள் சட்டிகளும் தாச்சிகளும்தான் இருந்தன. அதில் எதையாவது சுடலாம் என்று அம்மா அதுவரை நினைத்ததில்லை. அதனால் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கோதுமை மாவைத் தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, கடையில் வாங்கிய புதுச் சீப்பின் மேல் வைத்து அழுத்திச் சுருட்டினார். ஒவ்வொன்றும் கோடு விழுந்த கடற்சிப்பிபோல வந்தது. பொரித்து, சீனிப்பாகில் புரட்டி, வெள்ளையாகக் காய்ந்ததும் சொக்லேட் ரின் ஒன்றை நிறைத்தார். எனக்கு உடைந்தவை கிடைத்தன.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கொரு கடிதம் எழுதி ரின்னுக்குள் வைக்கச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் நத்தார் வாழ்த்தும் பனிமனிதனும் வரைந்தார்கள். நான் நன்றாக யோசித்து, மாமாவை மட்டும் Mama என்றே போட்டு, ஆங்கிலத்தில் எழுதினேன். என் மாமா உங்களிடம் இருக்கிறார். அவர் மெல்லிய ஆள், நாடியில் ஒரு தழும்பு இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. இதை என் அம்மா செய்தார். தயவுசெய்து அவரை வீட்டுக்குப் போகவிடுங்கள். அதுவரைக்கும் அவருக்கும் இரண்டு கொடுங்கள்.

பள்ளிக்கூட விலாசத்தைத்தான் எழுதவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். விட்டதும் வந்து சேர மாமாவுக்கு என் பள்ளிக்கூடத்தைத் தெரியாதே. ஆகவே வீட்டு விலாசத்தை எழுதி, பலகாரத்துக்கு அடியில், எண்ணெய்க் கடதாசியின் கீழே வைத்தேன்.

பெட்டிகள் போய் ஒரு கிழமையில் வடலண்டன் எட்மண்டனிலிருந்து அப்பாவின் நண்பர் ஒருவர் வந்தார். மாமாவின் கதை வந்தது. கொழும்பில் யாரோ ஒருவன் பயத்தில் விலாசத்தைச் சொன்னதால்தான் ஆமி நேரே மாமாவின் அறைக்குப் போனது என்று அவர் சொன்னார்.

"விலாசம் மட்டும் அவங்கட கையில கிடைக்கக் கூடாது. கிடைச்சா, வீட்டை வந்திடுவாங்கள்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் கேட்காமலே நான் வீட்டு நம்பர், தெருப் பெயர், மேல்மாடி என்பதுவரை எழுதிக் கொடுத்திருந்தேன். கதவு தட்டினால் குளியலறைக்குள் ஓடினேன். தபால்காரரின் தொப்பி கண்ணாடியில் தெரிந்தாலே திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தேன். எனக்கு வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டி அம்மா மருந்து தந்தார். அதையும் குடித்தேன்.

தை மாதம் பிறந்து, சண்டையும் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை என் பெயருக்கு மெல்லிய நீலக் கடிதம் ஒன்று வந்தது. நான் அதை எடுத்துக் கால்மிதியின் அடியில் தள்ளும்போது அம்மா பின்னால் நின்றார்.

"என்னடி அது?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைப் படிக்கட்டில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, கடிதத்தைப் பிரித்து என் கையில் தந்தார்.

"வாசி."

எழுதியவர் இருபது வயதுப் படைவீரர். அச்சடித்தது போன்ற பெரிய எழுத்து. சிப்பிகளை ஒரே இருப்பில் முடித்துவிட்டார்களாம், மணல் கலக்காத சாப்பாடு பல நாளைக்குப் பிறகு அதுதானாம். மாமா என்றதை முதலில் அம்மா என்று விளங்கிக்கொண்டு, அம்மாவுக்கு எப்படி நாடியில் தழும்பு என்று குழம்பினாராம். பிறகு ஒரு நண்பன் சொல்லி விளங்கியதாம். முகாம் முழுக்க விசாரித்தேன், உன் மாமா எங்களிடம் இல்லை, நாங்கள் வேறு ஆட்கள். கண்டால் இரண்டு அல்ல, முழு ரின்னையும் அவருக்கே கொடுப்பேன். அவர் சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டும் என்று என் அம்மாவையும் கும்பிடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

கடைசி வரியை அம்மா திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். நான் எதிர்பார்த்த அடி விழவேயில்லை.

மூன்று கிழமை கழித்து, வழக்கமான ஞாயிற்று ரெலிபோனில் அம்மா "என்ன? என்ன?" என்று கத்தினார். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மாமாவை விட்டுவிட்டார்கள். அப்பா ரிசீவரைப் பிடுங்கி, எதிர்ப்பக்கத்தில் மாமாவின் குரலே கேட்டதும், "சாப்பிட்டனீரே?" என்று கேட்டார். அன்று அம்மா பின்னேரம் மூன்று மணிக்குப் படுத்து மறுநாள் காலைவரை நித்திரை கொண்டார்.

மாமாவை விடுவித்தது அந்த நீலக் கடிதக்காரர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். தாங்கள் வேறு ஆட்கள் என்று அவர் எழுதியதை, செய்த உதவியைச் சொல்லிக்காட்டாத பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா இன்னொரு ரின் சிப்பி செய்து, கடிதத்தில் இருந்த அவருடைய படை நம்பரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, தானே தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனார். இந்த முறை அப்பாவே பார்சலைக் கயிறு போட்டுக் கட்டித் தந்தார். ரீவியில் சீருடையைக் கண்டாலே நிறுத்திவிடும் அம்மா, அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் செய்திக்கு முன்னால் குந்திக்கொண்டு, மணலில் நடக்கும் ஆட்களின் முகங்களை உற்றுப் பார்த்தார். சண்டை முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் பார்த்தார். மாமாதான் வெளியில் வந்துவிட்டாரே, இனி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா பாக்கிறன்" என்றார்.

வெயில் வரத் தொடங்கிய நேரம் அதே பெரிய எழுத்தில் ஒரு படஅட்டை வந்தது. கடற்கரையும் கலங்கரை விளக்கும். ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். இரண்டாவது ரின் வழியில் எங்கெங்கோ சுற்றி, அவருக்கு முன்னமே அவருடைய வீட்டுக்கு வந்துவிட்டதாம். வாசித்து முடித்ததும் அம்மா அட்டையை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய மூச்சை விட்டார்.

"அப்பாடா. பெடியன் வீட்டை போய்ச் சேந்திட்டான்."

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாமா மாசியிலயே வந்திட்டார் அம்மா" என்று திருத்தினேன்.

"ஓம், ஓம்" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே.

அவர் யாரைச் சொன்னார் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.