எந்த மைன்ஸ் மண்ணு?

இன்னிக்கு நான், மனைவி லீமா, மகள் மூணு பேரும் ஏற்காடு போயிட்டு வந்தோம். மழை விட்ட ஐப்பசி வெயில். மேல ஒரு பழைய கிறிஸ்தவத் துறவிகள் மடம்.

முற்றத்துல நின்னு எதிர்மலையைக் காட்டி மகள் கேட்டா: "அப்பா, இது எந்த மைன்ஸ் மண்ணு?"

நெய்வேலியில பொறந்தவ. சுரங்கம் தோண்டிக் கொட்டின மண்மேடுதான் அவளுக்குத் தெரிஞ்ச மலை. மடத்து ஃபாதர் சிரிச்சுட்டார்.

"யாரும் கொட்டலைம்மா. இது தானா இருக்கிற மலை"ன்னேன்.

"அப்ப இதுக்காக யாரும் ஊரைக் காலி பண்ணலையா?"

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் லீமாவைப் பார்த்தேன். அவ பொறந்த ஊரைத்தான் சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்டாங்க.

"இல்லடி, யாரும் பண்ணல"ன்னா லீமா, மலையையே பாத்துக்கினு.

நாளைக்கு எனக்குச் சுரங்கத்துல காலை ஷிப்ட். அந்த ஊரு இருந்த இடத்துலதான் இப்ப என் மிஷின் ஓடுது.

டிபன் பாக்ஸ் லீமாதான் கட்டித் தரணும்.