புளிப்பு ஜாடி

எங்கள் கடை ரொட்டி உப்பியது கள்ளால்தான். கொழும்பில் மாவு பிசைந்து தொழில் பழகிய தாத்தா தூத்துக்குடியில் ரொட்டிக்கடை போட்ட நாளிலிருந்து அப்படித்தான். பனங்கள்ளில் மாவும் சர்க்கரையும் போட்டுப் பொங்கவைத்த புளிப்பு, அடுப்பறையில் ஒரு பீங்கான் ஜாடியில் எப்போதும் இருக்கும். ரொட்டிக்கு எடுத்ததுபோக மிச்சத்தில் தினமும் புதுக் கள் ஊற்றுவார்கள். எழுபதுகளில் அரசாங்கம் கள்ளுக்கடைகளை மூடியதும் அது நின்றது. இருந்த புளிப்புக்கே மாவும் சர்க்கரையும் போட்டு அப்பா அதைச் சாகவிடாமல் காப்பாற்றிவந்தார். பெற்ற பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று ஒருநாளும் கேட்காத மனிதர், ஜாடியை மட்டும் காலையும் மாலையும் திறந்து பார்ப்பார்.

"ஏளா, ஜாடியப் பத்தி வெளிய மூச்சு விட்டே, அப்பாவப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிரும்" என்று அப்பா என்னிடம் சொல்லிவைத்திருந்தார். எனக்கு எட்டு வயது. அன்றுமுதல் காக்கித் துணியைக் கண்டாலே ஓடிவிடுவேன். தபால்காரரைப் பார்த்துக்கூட ஒளிந்திருக்கிறேன்.

ஒருநாள், கடற்கரைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு மறுநாள் ரொட்டி கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா விறகு வாங்கப் போயிருந்தார். அம்மா வீட்டில் இருந்தாள். சித்தப்பா கடையில் நின்றார். அடுப்பறையில் விளையாடிக்கொண்டிருந்த நான் சைக்கிள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். போலீஸ்காரர்! ஜாடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, முருங்கை மரத்தடியில் கவிழ்த்து, காலால் மணலைத் தள்ளி மூடினேன். வெறும் ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அப்பாவைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் கடைப்பக்கம் வந்தேன்.

"பன்னு சூடா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்ட போலீஸ்காரர், இரண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா ஜாடியைத் திறந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தாத்தா வச்ச புளிப்பு. இனி கள்ளுக்கு எங்கன போவேன்? நாளைக்குக் கல்யாண வீட்டுக்கு என்னத்தக் குடுப்பேன்?" அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் செய்தது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. சொல்லிவிட நினைத்தேன், ஆனால் மாவு மூட்டைப் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டேன். அப்பா எல்லோரையும் ஒவ்வொருவராகக் கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, நீ தொட்டியா?"

அதற்குள் சித்தப்பா என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் பாவாடை ஓரத்தில் காய்ந்திருந்த புளிப்பு மாவைத் தோள்துண்டால் துடைத்துவிட்டார். பிறகு எழுந்தார்.

"நான்தாண்ணே. மேல நின்ன தெளிவ இறுத்துக் குடிச்சிட்டு அடி மண்டியக் கொட்டிட்டேன்."

கள்ளுக்கடை இருந்த காலத்தில் சித்தப்பா தினமும் அங்கே போய்வந்தவர். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. "ஏலே, நீயெல்லாம் ஒரு தம்பியா?" என்று அப்பா அவரை ஓங்கி அறைந்தார். இனிமேல் கடைப்படி ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

கல்யாண ரொட்டிக்கு, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்க்கடைக்காரரிடம் அப்பாவே போய்ப் புளித்த மாவு கேட்டு வாங்கினார். பிறகு புளிப்புக்குப் பதிலாக ஈஸ்ட் டப்பா வந்துவிட்டது. முத்தையாபுரத்துக்குப் போன சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். அப்பா சாகும்வரை எங்கள் கடை ரொட்டியைச் சித்தப்பா தொடவில்லை.

சித்தப்பா ஒப்புக்கொண்ட அன்று எனக்குப் பெரிய நிம்மதி. சித்தப்பா குடித்துவிட்டார் என்றால் நான் கொட்டியது வேறெதுவோ என்று முழுசாக நம்பினேன். துணிமூட்டையோடு வாசலில் நின்று அவர் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அப்பாவை அழவைத்தவரோடு என்ன பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.